அப்பா விட்டுட்டுப் போன துப்பாக்கி: என் பேருக்கு மாத்தலாமா, ஒப்படைக்கணுமா? (ஏற்காடு)

அம்மாபேட்டை மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போய் நாலு மாசம் ஆகுது. நாகலூர் போற வழியில எங்களுக்கு நாலரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி. நான் கல்யாணமாகி சேலம் அம்மாபேட்டையில இருக்கேன், தம்பிக்கு கோயம்புத்தூர்ல வேலை. அம்மா மட்டும் மேலே, தோட்ட வீட்டுல.

அப்பாவோட மர பீரோவுல டபுள் பேரல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, 12 போர் (குழல் அளவு). லைசென்ஸ் புத்தகமும் பக்கத்துலயே இருக்கு. அதுல யு.ஐ.என். நம்பர் (லைசென்ஸுக்கு அரசு தர்ற தனி அடையாள எண்) ஏத்தியிருக்கு, புதுப்பிச்சது இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல செல்லும். தோட்டா பதினேழு. அதுல ஆறு பழைய அட்டைத் தோட்டா, மலை ஈரத்துல ஊதிப்போய் பித்தளைப் பக்கம் பச்சை பூத்திருக்கு.

சின்ன வயசுல எனக்கு அது பயப்படுற பொருளாவே தெரிஞ்சதில்ல. ஆயுத பூஜைக்கு கவாத்துக் கத்தி, மண்வெட்டி, தராசு, காப்பிப் பழம் உரிக்கிற மிஷின் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறப்ப அதுக்கும் ஒரு பொட்டு. தேர்தல் வந்தா பழைய போர்வையில சுத்தி ஜீப்புல போட்டு ஸ்டேஷன்ல கொடுத்துட்டு வருவார், எண்ணி முடிச்சு கொஞ்ச நாள்ல திரும்ப எடுத்துட்டு வருவார். அந்த ரசீதெல்லாம் லைசென்ஸ் புத்தகத்துக்குள்ள வரிசையா மடிச்சு வெச்சிருக்கார். அவர் சுட்டு நான் பார்த்தது ரெண்டே தடவை. ரெண்டும் ஆகாசத்தைப் பார்த்துத்தான், காட்டெருமை செடிக்குள்ள இறங்கினப்போ.

இப்ப சிக்கல் என்னன்னா, போன வாரம் தம்பி தார்ப்பாய் தேடிப் பரண் மேல ஏறினான். சாக்குல சுத்தி இன்னொண்ணு கிடைச்சுது. ஆளுயரத்துக்கு ஒத்தைக் குழல், கரிமருந்து போட்டு கெட்டிக்கிற பழைய கேப்புத் துப்பாக்கி. இது அப்பா லைசென்ஸ்ல இல்ல. "உங்க தாத்தாவோடது, நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு"ங்கறாங்க அம்மா. இதுபோக நாங்க கொய்யா அடிச்ச ஏர் கன் ஒண்ணு.

டபுள் பேரலை என் பேருக்கு மாத்திக்க முடியுமா? பொம்பளைக்குத் தருவாங்களா? அதுவரைக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்னு கார்ல போட்டு அம்மாபேட்டைக்குக் கொண்டுவந்துடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார். அந்தப் பரண் துப்பாக்கியை நெனைச்சா எனக்குத் தூக்கம் வரல.

ஒண்டிக்கடை காப்பி எழுதியது:

லைசென்ஸ்தான் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேங்க, எதுக்கு அவசரம்? பீரோவைப் பூட்டிட்டு சும்மா இருங்க. பரண்ல இருந்ததைப் பத்தி இங்க எழுதியிருக்கவே வேணாம். மலையில எத்தனை வீட்டுல இருக்கு தெரியுமா. ராத்திரியில ஏதாவது பள்ளத்துல வீசிட்டு வேலையைப் பாருங்க.

வெள்ளக்கடை பெருசு எழுதியது:

மேலே தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதே அம்மா. பள்ளத்தில் வீசினால் விறகு பொறுக்கப் போகிறவன் எடுப்பான், அல்லது ஆடு மேய்க்கிற பையன் எடுப்பான். பிறகு அது எங்கே வெடித்தாலும் கதை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

எனக்கு வயது எழுபத்து நாலு. என் தகப்பனார் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றினேன், பிறகு அதையே என் மகன் பெயருக்கு மாற்றினேன். இரண்டு முறை இந்தப் படி ஏறி இறங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. புத்தகத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் உன் அப்பா மூச்சு நின்ற அன்றைக்கே அதுவும் நின்றது. தோட்டம் மாதிரி துப்பாக்கியும் வாரிசுச் சொத்துதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சொத்து உன்னுடையது என்பதால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை வந்துவிடாது. நிறையப் பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். என் தகப்பனார் இறந்தபோது நானும் விழுந்தேன். கருமாதி முடிந்து, காப்பி பறிப்பும் முடியட்டும் என்று மூன்று மாதம் பீரோவிலேயே வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனபோது அங்கிருந்த ஏட்டையா என் தகப்பனாரைத் தெரிந்தவர். "சாவுக்கு வந்தேனே, அன்னிக்கே சொல்லியிருந்தா நானே எழுதி எடுத்துட்டுப் போயிருப்பேனேய்யா" என்றார். அத்தோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படிப் போகும் என்று நினைக்காதே.

ஆகவே முதல் வேலை, ஒப்படைப்பு. மாற்றுவதா விற்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு நிதானமாக யோசிக்கிற விஷயம். அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் கொடுக்கலாம். உனக்கு ஸ்டேஷன்தான் சுலபம். தேர்தலுக்குத் தேர்தல் போய் வந்த துப்பாக்கி, நம்பர் அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அம்மாபேட்டைக்குக் காரில் கொண்டுபோகிற பேச்சே வேண்டாம். அடிவாரம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினால் என்ன சொல்வாய்? உன்னிடமும் லைசென்ஸ் இல்லை, உன் வீட்டுக்காரரிடமும் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட முதலில் வெறும் கையோடு போ. இறப்புச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் நகல் இரண்டையும் வைத்து உன் அம்மா கையெழுத்தில் ஒரு மனு எழுதிக் கொடு. நாங்கள் கொண்டுவரலாமா, நீங்கள் வந்து எடுக்கிறீர்களா என்று கேள். எங்களுக்கு ஆளே வந்து எடுத்துப் போனார்கள்.

குழலை மடக்கி உள்ளே தோட்டா இல்லை என்று பார்க்க வேண்டும். மடக்கத் தெரியாவிட்டால் தொடாதே, வருகிறவர் பார்த்துக்கொள்வார். ஊதிப்போன தோட்டாவை வெயிலில் காயவைப்பது, கிணற்றில் போடுவது, அடுப்பில் போடுவது எதுவும் கூடாது. பதினேழையும் எண்ணி ரசீதில் எழுதச் சொல். ரசீதில் துப்பாக்கி நம்பர், கம்பெனிப் பெயர், எத்தனை போர், கட்டையில் கீறல் இருந்தால் அதுகூட வரட்டும். எனக்குத் திரும்பி வந்தபோது கட்டையில் ஒரு விரிசல். முன்பே இருந்ததா, அங்கே வந்ததா என்று இன்றைக்கு வரை தெரியாது.

பெண்ணுக்குத் தருவார்களா என்று கேட்டாய். சட்டத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், வழக்கு, தண்டனை இருக்கக் கூடாது, போலீஸ் அறிக்கை சரியாக வர வேண்டும். வாரிசு என்பதால் தானாகக் கைக்கு வந்துவிடாது. புது லைசென்ஸ் கேட்கிறவருக்கு என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும் உனக்கும் பார்ப்பார்கள். விசாரணைக்கு வருகிறவர் "எதுக்கும்மா உங்களுக்கு இது" என்று கேட்கத்தான் செய்வார். அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று நீயே ஒருமுறை கேட்டுக்கொள். என் மருமகளுக்கு மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது அந்தப் பெண் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அதுக்கு எண்ணெய் போடறதுக்கு ஆள் வையுங்க மாமா."

வக்கீல் நாலுரோடு எழுதியது:

பெரியவர் சொன்னது சரி. சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

படைக்கலச் சட்டம் 1959, பிரிவு 21. எந்தக் காரணத்தால் ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனாலும், தேவையில்லாத தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். இத்தனை நாள் என்று அங்கே எண் போடவில்லை. அதனால் காலம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நாலு மாதத் தாமதத்துக்கு மனுவிலேயே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ஒப்படைத்த பொருளை, நீங்கள் உரிமம் பெற்றபின் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். விதியில் சொன்ன காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால் மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர், பறிமுதல் உத்தரவு போடலாம். ஆகவே ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பெயர் மாற்றம் படைக்கல விதிகள் 2016, விதி 25. இறந்தவரின் வாரிசுக்கு உரிமம் தர அது வழி செய்கிறது. உயிரோடு இருக்கும்போதே எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, தான் நியமிக்கும் வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் அதே விதியில் இடம் உண்டு. பெரியவர் மகனுக்கு மாற்றியது அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் வயதான உரிமதாரர் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், பிள்ளைகளுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. பரம்பரைத் துப்பாக்கிக்கும் அதே இரண்டுதான், விலக்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தானதும் அந்தத் திருத்தத்தில்தான்.

இனி பரண். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பிரிவு 25-ன்படி குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறையும் அபராதமும். பயமுறுத்த எழுதவில்லை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்கிற பிரிவு 3-ஐ மீறியதாக வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்று பிரிவு 39 சொல்கிறது. இறந்தவர் வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது, கிடைத்த உடனே நாங்களே வந்து சொல்கிறோம் என்று எழுத்தில் இருப்பதும், ஆறு மாதம் கழித்து சோதனையில் சிக்குவதும் ஒன்றல்ல. பரண் துப்பாக்கிக்கு மட்டும் உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் வீட்டை இன்னொரு முறை துழாவுங்கள். தாத்தா பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகம் எங்காவது கிடக்கலாம். கிடைத்தால் மனுவின் நிறமே மாறிவிடும்.

சிலர் "இது பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம்" என்பார்கள். பிரிவு 45-ல் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளதற்குத்தான் அது பொருந்தும். கேப்பும் கரிமருந்தும் போட்டால் வெடிக்கிற ஒன்றை அதில் சேர்க்க முடியாது.

ஏர் கன் .177 அளவாக, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இல்லாததாக இருந்தால் உரிமம் தேவையில்லை. கொய்யா அடிக்கிற சாதாரண ஏர் கன் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

கூடவே ஒரு கேள்வி. பழைய தோட்ட வீடு என்கிறீர்கள், சுவரில் கொம்பு, தலை, தோல் ஏதாவது மாட்டியிருக்கிறதா?

அம்மாபேட்டை மகள் எழுதியது:

எப்படிங்க கண்டுபிடிச்சீங்க! கூடத்துல காட்டெருமைத் தலை ஒண்ணு இருக்கு. தாத்தா காலத்துது, கண்ணாடிக் கண்ணு, ஒரு காது கரையான் தின்னுடுச்சு. அதுக்கும் ஏதாவது பண்ணணுமா?

பெரியவர் ஐயா, உங்க கேள்வியை அம்மாகிட்டயே கேட்டேன். "எனக்கு எதுக்குடி அது, பட்டாசு போட்டாலே எருமை போயிடும்"னுட்டாங்க. தம்பி வேண்டாம்னுட்டான். எனக்குத்தான் மனசு கேக்கல. அப்பா கை பட்ட பொருள்ல அது ஒண்ணுதான் இன்னும் அவர் வாசனையோட இருக்கு, அந்த எண்ணெய் வாசனை. ஆனா அதுவா ஒரு காரணம்னு நீங்க கேட்டா பதில் இல்ல.

வக்கீல் நாலுரோடு எழுதியது:

தலைக்கு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 40. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைக்கு வந்த தொண்ணூறு நாளுக்குள் வனத்துறையிடம் அறிவிக்க வேண்டும். அப்பாவிடம் உடைமைச் சான்று இருந்ததா என்று பாருங்கள். 2003-ல் அப்படி வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட நூற்றெண்பது நாள் கொடுத்தார்கள், அந்தக் காகிதமாக இருக்கலாம். உங்களுக்குத் தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் போய் எழுதிக் கொடுங்கள். விற்கவோ யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கவோ கூடாது.

அயோத்தியாபட்டணம் இ-சேவை எழுதியது:

நான் படிச்சுட்டு மட்டும் போறவன், ஒரு விஷயத்துக்காக எழுதறேன். அக்கா, உங்க விண்ணப்பம் எங்க போகும்ங்கறது துப்பாக்கி எங்க இருக்குங்கறதை வெச்சு இல்ல, நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறதை வெச்சு. அம்மாபேட்டை மாநகரம், அதனால உங்க பேருக்கு கேட்டா போலீஸ் கமிஷனர் ஆபீஸ். அம்மா பேருக்கு கேட்டா ஏற்காடு விலாசம், கலெக்டர் ஆபீஸ். தெரியாம தப்பான இடத்துல கொடுத்து, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஃபைலு ஒரு ஆபீஸ் மேசையில ரெண்டரை மாசம் கிடந்து திரும்பி வந்துச்சு.

எதுவா இருந்தாலும் முதல்ல தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழ். அதுல பேர் இருக்கற மத்தவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுக்கணும். பேர் மாத்தற விண்ணப்பம் ஏ-1 படிவம். கூடவே மருத்துவச் சான்று எஸ்-3, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எஸ்-1. அந்தப் பயிற்சியை விட்டுட்டு நேரா வந்து நிக்கறவங்கதான் அதிகம்.

வெள்ளக்கடை பெருசு எழுதியது:

எண்ணெய் வாசனை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் மகன் பீரோவைத் திறந்து பார்த்தேன். அவன் ஏதோ ஸ்ப்ரே அடித்து வைத்திருக்கிறான், மண்ணெண்ணெய் மாதிரி நாறுகிறது. எங்கள் காலத்தில் தையல் மிஷின் எண்ணெய்தான்.

மனசு கேட்கவில்லை என்றால் அவசரப்பட்டு விற்காதே. ஒப்படைத்து ரசீது வாங்கியபின் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்று. லைசென்ஸ் வாங்கினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன். அம்மாபேட்டை நெசவுத் தெருவில் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் அதற்குத் தனிப் பூட்டு, தோட்டாவுக்கு வேறு பூட்டு. பன்றியோ எருமையோ வந்தாலும் சுட முடியாது, அதற்கு வனத்துறைச் சட்டம் வேறு. என் மகனிடம் இருப்பது ஏறக்குறைய ஒரு வளர்ப்பு மிருகம். தீனி கேட்காது, ஆனால் கவனம் கேட்கும்.

அம்மாபேட்டை மகள் எழுதியது (பதினாறு நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிடறேன், பின்னாடி யாராவது தேடி வந்தா உதவும்.

வக்கீல் சொன்ன மாதிரி வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடினோம். பாட்டியோட தகரப் பெட்டியில, பட்டா நகலுக்கும் ஜாதகத்துக்கும் நடுவுல தாத்தாவோட லைசென்ஸ் கிடைச்சுது. கடைசி முத்திரை 1987. அதுக்கப்புறம் தாத்தா படுத்த படுக்கை, யாரும் புதுப்பிக்கல, அப்பாவும் பரண்ல ஏத்தினதோட சரி. துப்பாக்கிக் கட்டையில தேய்ஞ்சு போய் ஒரு நம்பர் இருந்துச்சு, தம்பி டார்ச் அடிச்சுப் பார்த்தான், புத்தகத்துல இருக்கறதும் அதுவும் ஒண்ணுதான்.

ஏற்காட்டு வக்கீல் ஒருத்தரோட வெறும் கையா போனோம். ரெண்டுக்கும் தனித்தனி மனு. மறுநாள் ரெண்டு பேர் ஜீப்புல வந்து, கூடத்துலயே பாய் விரிச்சு வெச்சு, எண்ணி, எழுதி எடுத்துட்டுப் போனாங்க. பெரியவர் ஐயா, கட்டையில இருந்த கீறலைக்கூட எழுத வெச்சேன். தாத்தாவோடது எங்களுக்கு வேண்டாம், அரசே எடுத்துக்கட்டும்னு அம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க. அது விஷயமா ஒரு தடவை விசாரணைக்குக் கூப்பிடுவோம்னு சொல்லியிருக்காங்க, வக்கீல் கூட வர்றேன்னிருக்கார். பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா தூக்கம் வருது.

அப்பாவோடதை விக்கலாம்னு முடிவு. அதுக்கு அனுமதி கேக்க வாரிசு சான்றிதழ் வேணும், போட்டாச்சு, வந்தும் வந்துடுச்சு. அதுல தம்பி இனிஷியல் தப்பு. திரும்ப இ-சேவை. எருமைத் தலைக்கு வனத்துறையில மனு கொடுத்திருக்கோம், சான்று எதுவும் கிடைக்கல, அங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும்.

வெள்ளக்கடை பெருசு எழுதியது:

நல்லது அம்மா. உன் அப்பா ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஜீப் டேஷ்போர்டு எல்லாம் பார்த்தாயா? என் தகப்பனார் இறந்து ஒரு வருடம் கழித்து அவர் கம்பளிக் கோட்டை யாருக்கோ கொடுக்க எடுத்தபோது உள்பையிலிருந்து இரண்டு தோட்டா விழுந்தது.

அம்மாபேட்டை மகள் எழுதியது:

இப்பதான் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பச்சை ஸ்வெட்டர் பையில ஒண்ணு இருக்காம். பதினெட்டு. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு மேலே போறேன்.